இஸட் இல்லாத இஸட்: 'காபர்லுன்யி' என்ற சொல்லின் கதை

(எபிசோடின் பேச்சு வடிவம், வாசிப்புக்காகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஒரே ஒரு சொல்லைப் பத்தித்தான் பேசப்போறோம். ஸ்காட்லாந்துல ஒரு காலத்துல சாதாரணமா புழங்கின சொல். இன்னைக்கு அங்கேயே யாரும் பேச்சுல சொல்றதில்ல. பழைய பாட்டுலயும் பழைய நாவல்லயும்தான் மிச்சம் இருக்கு. தோள்ல ஒரு பையை மாட்டிக்கிட்டு ஊர் ஊரா நடந்து பிச்சை எடுக்கிற ஆள், அதுதான் அதோட அர்த்தம்.

ஆங்கில எழுத்துல அது எப்படி இருக்கும்னு சொல்றேன், மனசுல எழுதிப் பாருங்க. ஜி, ஏ, பி, இ, ஆர், எல், யூ, என், இஸட், ஐ, இ. இப்ப வாசிங்க.

'காபர்லுன்ஸி'னுதான் வந்திருக்கும். கண்ணுக்கு முன்னாடி இஸட் இருக்கும்போது வேற எப்படி வாசிக்கிறது? ஆனா அந்தச் சொல் உயிரோட இருந்த காலத்துல அதுல 'ஸ' சத்தமே கிடையாது. 'காபர்லுன்யி'ன்னுதான் சொன்னாங்க. அந்த 'ன்ய' நம்ம 'ஞ'வுக்குப் பக்கத்து வீடு. ஆங்கில எழுத்துல தடுக்கி விழுற சொல், தமிழ்ல எழுதினா நேரா நிக்குது.

அப்போ அந்த இஸட் அங்கே எப்படி வந்துச்சு? முதல் பாதி அந்த எழுத்தோட கதை. ரெண்டாவது பாதி அந்தச் சொல் யாரைக் குறிச்சுதோ அந்த மனுஷங்களோட கதை. ரெண்டும் ஒண்ணா சேர்ற ஒரு இடமும் இருக்கு, அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஸ்காட்ஸ் மொழி வேற, கேலிக் மொழி வேற. கேலிக், ஐரிஷோட உறவுக்கார மொழி. ஸ்காட்ஸ், ஆங்கிலத்தோட கூடப்பிறந்த மொழி. 15, 16-ம் நூற்றாண்டுகள்ல ஸ்காட்லாந்து தனி நாடு. அதோட பாராளுமன்றம் சட்டம் எழுதினதும், அரண்மனையில கவிஞர்கள் பாடினதும் இந்த ஸ்காட்ஸ்லதான்.

அந்தக் காலத்துக் கையெழுத்துப் பிரதிகள்ல 'யோக்'னு ஒரு எழுத்து இருந்தது. பார்க்க 3 மாதிரி இருக்கும், வால் மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கி இருக்கும். பல இடங்கள்ல அது 'ய' சத்தத்துக்கு நின்னது. 'ன்'கூடச் சேர்ந்தா 'ன்ய', 'ல்'கூடச் சேர்ந்தா 'ல்ய'. இங்கிலாந்துலயும் இந்த எழுத்து இருந்தது. அங்கே காலப்போக்குல அதை எடுத்துட்டு, சில இடத்துல ஒய் போட்டாங்க, சில இடத்துல ஜி, ஹெச் ரெண்டையும் சேர்த்துப் போட்டாங்க. 'நைட்'ங்கிற சொல்லுக்கு நடுவுல சத்தமே இல்லாம ஒரு ஜி-ஹெச் உட்கார்ந்திருக்கே, அது யோக் காலி பண்ணிட்டுப் போன வீடு.

ஸ்காட்லாந்துல நடந்தது வேற. அங்கே எழுத்தர்கள் வேகமா எழுதும்போது யோக்கும் இஸட்டும் ஒரே மாதிரி ஆயிடுச்சு, ரெண்டுக்கும் கீழே வால். அதனால அப்ப ஒண்ணும் குழப்பம் இல்ல. வாசிக்கிறவருக்கு மொழி தெரியும், எங்கே 'ய', எங்கே 'ஸ'ன்னு அவரே பிரிச்சுக்குவார்.

அப்புறம் அச்சு வந்தது. 1507-ல நான்காம் ஜேம்ஸ் மன்னர், வால்டர் செப்மன், ஆண்ட்ரூ மில்லர்னு ரெண்டு பேருக்கு அச்சகம் நடத்த உரிமை கொடுத்தார். 1508-ல எடின்பரோவுல இருந்து அவங்க புத்தகங்கள் வெளிவர ஆரம்பிச்சது. இந்த மில்லர் ஏற்கெனவே பிரான்ஸ்ல ரூவான் நகரத்து அச்சுக்காரர்களோட தொடர்புல இருந்தவர். அச்சுத் தொழிலே அப்ப வெளிநாட்டுத் தொழில். ஈய எழுத்துகள் எல்லாம் வேற மொழிகளுக்காக வார்த்தது. அந்தத் தட்டுல யோக்குக்கு ஒரு குழி கிடையாது. பார்க்க அதே மாதிரி இருக்கிற இஸட்டுக்கு ஒரு குழி இருந்தது. அச்சுக்கோர்க்கிறவர் அதை எடுத்து வெச்சார்.

அவருக்கு அது தப்பாவே தெரிஞ்சிருக்காது. அன்னைக்கு வாசிச்ச உள்ளூர்க்காரருக்கும் தெரிஞ்சிருக்காது. கண் இஸட்டைப் பார்த்தாலும் வாய் 'ய'ன்னே சொல்லும். சிக்கல் எப்ப வருதுன்னா, பேச்சு தெரியாதவங்க எழுத்தை மட்டும் வெச்சுக்கிட்டு வாசிக்க ஆரம்பிக்கும்போதுதான். லண்டன்ல இருந்து வர்ற அதிகாரி, ஆங்கிலப் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வர்ற பையன், இவங்களுக்கெல்லாம் இஸட்னா இஸட்தான்.

இதோட தழும்புகள் இன்னைக்கும் பெயர்கள்ல இருக்கு. 'மென்ஸிஸ்'னு எழுத்துல இருக்கிற ஸ்காட்லாந்துப் பெயரைப் பழைய முறையில 'மிங்கிஸ்'னு சொல்வாங்க. பிரிட்டன்ல லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 2006, 2007-ல தலைவரா இருந்த மென்ஸிஸ் கேம்பெல்லை எல்லாரும் 'மிங்' கேம்பெல்னு கூப்பிட்டது இதனாலதான். 'டால்ஸியல்'னு எழுத்துல தெரியுற பெயரை 'டீ-எல்'னு சொல்வாங்க. 'கல்ஸீன்'னு தெரியுற கோட்டையோட பெயர் 'கல்லேன்'.

தோத்துப்போன பெயர்களும் உண்டு. 'மெக்கென்ஸி'ன்னு நமக்கெல்லாம் தெரிஞ்ச பெயர் முதல்ல 'மெக்கென்யி' மாதிரிதான் ஒலிச்சது. அங்கே எழுத்து ஜெயிச்சிடுச்சு, சத்தம் செத்துப்போச்சு. இன்னைக்கு ஒரு மெக்கென்ஸிகிட்டப் போய் 'உங்க பெயர் மெக்கென்யி'ன்னு சொன்னா அவருக்கே புதுசா இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஷெட்லாந்து தீவுகள். பழைய நார்ஸ் மொழியில அது 'ஹ்யால்ட்லாந்த்'. அந்த 'ஹ்ய' சத்தத்துக்கு ஸ்காட்ஸ்ல யோக் போட்டு எழுதினாங்க. யோக் இஸட் ஆச்சு, ஊர் 'ஸெட்லாந்து' ஆச்சு. 1975 வரைக்கும் அந்தத் தீவுகளோட நிர்வாகக் கவுன்சில் அந்தப் பெயர்லதான் இருந்தது. இன்னைக்கும் ஷெட்லாந்துக்கு ஒரு லெட்டர் போடணும்னா, அஞ்சல் குறியீடு இஸட், இ-யில ஆரம்பிக்கும். ஒரு அச்சுத் தட்டுல குழி இல்லாமப் போனதோட விளைவு, 500 வருஷம் கழிச்சு ஒரு தபால் கவர்ல இருக்கு.

நான் கோட் எழுதிப் பிழைக்கிற ஆளு. இதை முதல்ல படிச்சப்போ, இது நம்ம ஏரியா ஆச்சேன்னுதான் தோணுச்சு. இது என்கோடிங் பிரச்சினை. உள்ளே வர்ற டேட்டாவுல ஒரு கேரக்டர் இருக்கு, நம்ம செட்ல அது இல்ல, பக்கத்துல இருக்கிறதைப் போட்டு ஒப்பேத்துறோம். எர்ரர் வராது. அதுதான் ஆபத்து. எர்ரர் வந்திருந்தா யாராவது கவனிச்சிருப்பாங்க.

உலகத்துல இருக்கிற எல்லா எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிறேன்னு கிளம்பின யூனிகோடு இதை எப்படிக் கையாண்டிருக்கும்? அங்கேயும் கிட்டத்தட்ட அதே கதை. இஸட்டுல இருந்து பிறந்த 'எஷ்'னு இன்னொரு எழுத்து இருக்கு, ஒலிப்பியல்ல பயன்படுத்துவாங்க. அதுவும் பார்க்க 3 மாதிரிதான் இருக்கும். யூனிகோடு முதல் பதிப்புல அந்த எழுத்துக்கு வெச்ச பெயர் என்ன தெரியுமா? யோக். பிறகு அந்தப் பெயரை எஷ்னு மாத்தினாங்க. உண்மையான யோக்குக்குத் தனி இடம் கிடைச்சது 1999-ல, யூனிகோடு 3.0-ல. இப்பவும் யூனிகோடு தர்ற கேரக்டர் டேட்டா ஃபைலைத் திறந்து எஷ்ஷோட வரிக்குப் போங்க. பழைய பெயருக்குன்னு ஒரு காலம் இருக்கும், அதுல யோக்னு போட்டிருக்கும். ஈயத் தட்டுல இஸட்டும் யோக்கும் குழம்பினாங்க. கம்ப்யூட்டர்ல இஸட்டோட பிள்ளையும் யோக்கும் குழம்பினாங்க.

சரி, எழுத்துக் கதை போதும். இப்ப மனுஷங்க.

காபர்லுன்யிங்கிற சொல் எங்கே இருந்து வந்ததுன்னு கேட்டா, இன்றைய அகராதிகள் மூலம் தெரியலைன்னுதான் போடுது. பழைய அகராதிகள்ல ஒரு ஊகம் உண்டு. 'லுன்யி'ன்னா ஸ்காட்ஸ்ல இடுப்பு. இடுப்போரமாத் தொங்குற பைக்குத்தான் முதல்ல அந்தப் பெயர், அப்புறம் பையைச் சுமக்கிற ஆளுக்கு வந்துச்சுன்னு சொன்னாங்க. அழகான ஊகம்தான், ஆனா ஊகம்.

அந்த ஆள் எப்படிப்பட்ட நாட்டுல நடந்தார்னு சட்டங்களைப் பார்த்தாத் தெரியும். 1424-ல, முதலாம் ஜேம்ஸ் காலத்துல ஒரு சட்டம். 14 வயசுல இருந்து 70 வயசு வரைக்கும் இருக்கிற யாரும் பிச்சை எடுக்கக் கூடாது. வேற வழியே இல்லாதவங்களுக்கு அதிகாரிகள் ஒரு அடையாள வில்லை கொடுப்பாங்க. வில்லை இல்லாதவங்க வேலை தேடிக்கணும். இல்லைன்னா கன்னத்துல சூடு போட்டு நாட்டை விட்டே துரத்துவாங்க.

1579-ல இன்னொரு சட்டம். இதுல திடகாத்திரமா இருந்தும் பிச்சை எடுத்துத் திரியுறவங்களுக்குச் சாட்டையடி, அப்புறம் வலது காதுல பழுக்கக் காய்ச்சின இரும்பால ஓட்டை. யாரெல்லாம் அந்தப் பட்டியல்ல வர்றாங்கன்னும் சட்டம் சொல்லுது. எந்தப் பிரபுகிட்டயும் வேலையில இல்லாத பாட்டுக்காரங்க, கதை சொல்றவங்க. அதோட செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன் பல்கலைக்கழகங்கள்ல இருந்து அனுமதிச் சீட்டு இல்லாமப் பிச்சைக்குக் கிளம்புற மாணவர்கள். ஆமா, காலேஜ் பசங்க. பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா ஒரு மாணவன் சட்டப்படி பிச்சை எடுக்கலாம். கையெழுத்து இல்லைன்னா காதுல இரும்பு.

இங்கே ரெண்டு வகை ஆட்கள் உருவாகுறாங்க, கவனிங்க. பசி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒருத்தர்கிட்ட வில்லை இருக்கு, இன்னொருத்தர்கிட்ட இல்ல.

வில்லை வெச்சிருந்தவங்கள்ல உச்சத்துல இருந்தவங்க, ராஜாவோட 'பீட்ஸ்மேன்'கள். 'பீட்'னா பழைய மொழியில பிரார்த்தனை. ஆங்கிலத்துல மணிக்குச் சொல்ற 'பீட்' இதுல இருந்துதான் வந்தது, மணி உருட்டிப் பிரார்த்தனை பண்ணதால. ராஜாவுக்காகப் பிரார்த்தனை பண்றதுதான் இந்த ஆட்களோட கடமை. நீல அங்கி போட்டிருப்பாங்க, அதனால ஜனங்க வெச்ச பெயர் 'நீல அங்கிக்காரங்க'. ராஜாவுக்கு எத்தனை வயசோ அத்தனை பேர். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு ஆள் கூடும். அன்னைக்கு ஒவ்வொருத்தருக்கும் புது நீல அங்கி, ஒரு ரொட்டி, ஒரு பாட்டில் ஏல், ஒரு தோல் பர்ஸ். பர்ஸுக்குள்ள ராஜாவோட வயசுக்கு ஒரு பென்னி. அப்புறம் வெள்ளீயக் கலவையில செஞ்ச வில்லை. அதுல அவங்க பெயரோட, போகவும் வரவும் அனுமதி உண்டுன்னு பொறிச்சிருக்கும். அதை மாட்டிக்கிட்டா ஸ்காட்லாந்து முழுக்க நடக்கலாம், யாரும் தடுக்க முடியாது.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. எத்தனை ஏழைகளுக்குச் சட்டப்படி கை நீட்ட உரிமைங்கிறதைத் தீர்மானிச்சது பஞ்சம் இல்ல, விளைச்சல் இல்ல. ராஜாவோட வயசு.

இதுக்கு நடுவுலதான் 'காபர்லுன்யி'யை ஊர் முழுக்கக் கொண்டுபோன பாட்டு வருது. ராத்திரி ஒரு பிச்சைக்காரர் ஒரு வீட்டுக்கு வர்றார், கிழவி உள்ளே விடுறா, விடிஞ்சு பார்த்தா அவளோட பொண்ணு அவர்கூடவே ஓடிப்போயிட்டா. அலன் ராம்ஸே 1724-ல வெளியிட்ட பாட்டுத் தொகுப்புல அது அச்சாச்சு. அதை எழுதினது ஐந்தாம் ஜேம்ஸ் மன்னரேதான்னு ஒரு நம்பிக்கை. அவர் மாறுவேஷத்துல ஊர் சுத்துவார், 'பாலன்கீக் பண்ணைக்காரர்'னு பெயர் சொல்லிக்குவார்னு கதைகள் உண்டு. மன்னர் செத்தது 1542-ல, பாட்டு அச்சானது 182 வருஷம் கழிச்சு. அவர்தான் எழுதினார்ங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது.

ஆனா அந்த நம்பிக்கை சொல்லை என்ன பண்ணிச்சுன்னு பாருங்க. காபர்லுன்யின்னா ஜாலியான ஆள், காதலன், ஒருவேளை வேஷம் போட்ட ராஜா. காதுல ஓட்டை வாங்கின ஆள் அந்தப் பாட்டுல கிடையாது. ராஜா பிச்சைக்கார வேஷம் போட்டா விடிஞ்சதும் கழட்டிடலாம். நிஜமான காபர்லுன்யிக்கு அந்த வசதி இல்ல. எழுத்துக்கு நடந்ததுதான் ஆளுக்கும் நடந்தது. நிஜமான ஆளுக்கு ஏட்டுல இடம் இல்ல, பக்கத்துல பார்க்க அதே மாதிரி, கொஞ்சம் அழகா இருக்கிற ஒருத்தரை எடுத்து வெச்சாங்க.

இப்ப, ரெண்டும் சேர்ற இடம்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு வர்றேன்.

1816-ல வால்டர் ஸ்காட் 'தி ஆன்டிகுவரி'ன்னு ஒரு நாவல் எழுதினார். பழங்காலப் பொருள்கள் மேல பைத்தியமா இருக்கிற ஓல்ட்பக்னு ஒரு பெரிய மனுஷர், ஈடி ஆக்கில்ட்ரீன்னு நீல அங்கி போட்ட ஒரு கிழப் பிச்சைக்காரர். சின்ன வயசுல ஸ்காட் நிஜமாவே பார்த்த ஒரு பிச்சைக்காரரை மனசுல வெச்சு உருவாக்கின பாத்திரம் அது.

நாவலோட ஆரம்பத்துல ஒரு காட்சி. ஓல்ட்பக் ஒரு தரிசு மேட்டை வாங்கி வெச்சிருக்கார். ஏக்கருக்கு ஏக்கர் நல்ல விளைநிலத்தைக் கொடுத்து வாங்கினது. இது ரோமானியப் படை முகாம் போட்ட இடம்னு அவர் முடிவு பண்ணிட்டார். தோண்டினப்ப ஒரு கல் கிடைச்சது, அதுல ஒரு பாத்திரம் மாதிரி செதுக்கல், நாலு எழுத்து. ஏ, டி, எல், எல். அகழ்வாராய்ச்சி ஆர்வத்துல அதை லத்தீன்ல விரிச்சு, ரோமானியத் தளபதி அக்ரிகோலா மனசார அர்ப்பணிச்சதுன்னு ஒரு இளைஞனுக்கு விளக்கிக்கிட்டு இருக்கார்.

அப்ப பின்னாடி இருந்து ஈடியோட குரல். இதைக் கட்டினது எனக்கு நினைவு இருக்குங்கிறார். பெரியவருக்குக் கோபம், நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே இருந்த இடம்டா இதுன்னு திட்டுறார். கிழவர் அசரலை. ஒரு இருபது வருஷத்துக்கு முன்னாடி ஏகன் டிரம்ங்கிற ஆளோட கல்யாணத்துக்கு, மழைக்கு ஒதுங்க நாங்களும் கொத்தனார் பசங்களும் சேர்ந்து கட்டினது இது. மாப்பிள்ளை கஞ்சிப் பிரியர். அவரைக் கிண்டல் பண்ண ஒரு பையன் கல்லுல கரண்டி செதுக்கினான். அந்த நாலு எழுத்து, 'ஏகன் டிரம்மோட நீளக் கரண்டி'ங்கிறதோட ஸ்காட்ஸ் சுருக்கம்.

நான் இதை வெறும் ஜோக்கா படிக்கலை. லத்தீன் படிச்சவர் எழுத்தைத் தப்பா வாசிக்கிறார். பள்ளிக்கூட வாசனையே இல்லாத காபர்லுன்யி சரியா வாசிக்கிறார். ஏன்னா அவர் எழுத்தை மட்டும் பார்க்கலை, அங்கே இருந்தவர். கல்யாண வீட்டுல மழையில நனைஞ்சவர். மழைக்கு ஒதுங்கினவங்க, கொத்தனார்கள், ஆடு மேய்ச்சவங்க, இவங்ககிட்ட இருந்த விவரம் எந்த ஏட்டுலயும் இல்ல. ஒரு பிச்சைக்காரரோட ஞாபகத்துல இருந்தது. அவர் செத்திருந்தா அந்த மேடு ரோமானிய முகாமாவே ஆகியிருக்கும்.

நிஜ வாழ்க்கையில முடிவு அமைதியா வந்தது. 1833-ல புது நீல அங்கிக்காரங்களை நியமிக்கிறதை நிறுத்தினாங்க. 1845-ல ஸ்காட்லாந்துக்குன்னு புது ஏழைகள் சட்டம் வந்தது, உதவி செய்யுற பொறுப்பு ஊருக்கு ஊர் அமைச்ச போர்டுகள்கிட்டப் போச்சு. 1863-ல கடைசி பீட்ஸ்மேனுக்குக் கடைசியா பணம் கொடுத்தாங்க. ஆள் போனதும் சொல்லுக்கு வேலை இல்ல. பாட்டுலயும் நாவல்லயும் போய் உட்கார்ந்துடுச்சு, ஒரு இஸட்டைச் சுமந்துக்கிட்டு.

ஒரு சொல் செத்துப்போறதுல எனக்குப் பெரிய வருத்தம் இல்ல. மொழின்னா அப்படித்தான். வருத்தம் என்னன்னா, இது முழுசா சாகாம, தப்பான சத்தத்தோட, தப்பான முகத்தோட வாழுது. ரெண்டையும் யாரும் வேணும்னு பண்ணலை. தட்டுல இருந்ததை எடுத்து வெச்சாங்க, அவ்வளவுதான்.

நம்மள்ல நிறைய பேர் ஃபார்ம் வடிவமைக்கிறோம், ஃபீல்டு வரையறுக்கிறோம், டிராப்டவுன்ல என்னென்ன வரணும்னு முடிவு பண்றோம். நாம வைக்காத குழிக்குள்ள யாரும் விழ மாட்டாங்க, பக்கத்துல இருக்கிறதுல போய் உட்காருவாங்க. எர்ரர் லாக்ல ஒண்ணும் தெரியாது. அதனால டேட்டாவை மட்டும் பார்த்து முடிவு பண்றதுக்கு முன்னாடி, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரங்க ஒருத்தர்கிட்ட வாய் திறந்து கேட்கிறது நல்லது. நீங்க இதை எப்படிச் சொல்வீங்கன்னு.

இன்னைக்கு வீட்டுல இருக்கிற யாருக்காவது அந்த ஆங்கில எழுத்துகளை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்க. அவங்க 'ஸி'ன்னு முடிச்சதும் இந்தக் கதையைச் சொல்லுங்க. ஒருத்தர் சரியா சொல்லக் கத்துக்கிட்டாலும் எனக்குச் சந்தோஷம். காபர்லுன்யி.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.